மெட்ரோபோலிஸ்: எந்தப் பதிப்பைப் பார்ப்பது, எதைத் திரையிடுவது?

ஃபிரிட்ஸ் லாங் இயக்கி 1927-ல் வந்த ஜெர்மன் ஊமைப்படமான ‘மெட்ரோபோலிஸ்’ஸை இணையத்தில் தேடிப் பாருங்கள். 80 சொச்சம் நிமிடத்தில் ஒன்று, இரண்டு மணி நேரத்தில் ஒன்று, இரண்டரை மணி நேரத்தில் ஒன்று, வண்ணம் பூசி வழவழவென்று ஓடவிட்ட ஒன்று என வரிசை கட்டி நிற்கும். எல்லாவற்றுக்கும் ஒரே போஸ்டர், ஒரே உலோக ரோபோ முகம். நீளத்தில்தானே வித்தியாசம், நேரம் இல்லாதவர் சின்னதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பது இயல்பு. பெரும்பாலானோர் ஏமாறுவதும் அங்கேதான்.

இந்தப் படத்தில் பதிப்பு மாறினால் கதையே மாறிவிடுகிறது. விஞ்ஞானி ரோட்வாங் அந்த ரோபோவை எதற்காகச் செய்தான்? இதற்கு ஒரு பதிப்பு ஒரு பதில் சொல்கிறது, இன்னொன்று வேறு பதில் சொல்கிறது. முதல் பதிலைக் கேட்டவர்கள் ‘காட்சி பிரமாதம், கதை அபத்தம்’ என்று எழுந்து போவார்கள். அந்த அபத்தத்தில் பெரும்பங்கு கத்தரிக்கோலால் வந்தது. தேயா ஃபொன் ஹார்பூவின் திரைக்கதையில் அசட்டுத்தனம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் எழுதாத அசட்டுத்தனத்துக்கும் சேர்த்து அவர்தான் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்.

அவசரத்தில் இருப்பவருக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். முதன்முறை பார்ப்பவருக்கு 2010 பதிப்பு. படக்காட்சியின் சுத்தம்தான் முக்கியம், சிதைந்த காட்சிகளைக் கண் பொறுக்காது என்றால் 2001 பதிப்பு. கதை ஏற்கெனவே தெரிந்து, பாட்டோடு ஒரு கொண்டாட்டமாகப் பார்க்க 1984-ன் மொரோடர் பதிப்பு. மற்றவற்றைத் தொட வேண்டிய அவசியம் அநேகமாக வராது. ஏன் என்பது கீழே.

வெட்டு விழுந்த கதை

1927 ஜனவரி 10 அன்று பெர்லினின் ‘ஊஃபா பாலஸ்ட் ஆம் ஸோ’ அரங்கில் முதல் காட்சி. அன்று ஓடிய பிரிண்டின் நீளம் 4189 மீட்டர். 15 லட்சம் மார்க்கில் முடிக்கத் திட்டமிட்ட படம் 53 லட்சத்தை விழுங்கியிருந்தது. தயாரித்த ஊஃபா நிறுவனம் அதற்கு முன்பே கடனில் மூழ்கி, 1925 இறுதியில் பாரமவுண்ட், எம்ஜிஎம் இரண்டிடமும் பணம் வாங்கி ‘பாருஃபாமெட்’ என்ற கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தது. அமெரிக்க வெளியீட்டுக்குப் படத்தைச் ‘சரிசெய்யும்’ வேலை நாடக ஆசிரியர் சானிங் பொல்லாக்கிடம் போனது. அவர் நீளத்தைக் குறைத்ததோடு நிற்கவில்லை. காட்சிகளுக்கு நடுவே வசனத்தைக் காட்டும் எழுத்து அட்டைகளை மாற்றி எழுதி வேறொரு கதையைக் கட்டினார். முழுப்படம் பெர்லினில் சில மாதங்கள் ஓடியதோடு சரி. 1927 ஆகஸ்டில் ஊஃபாவே ஜெர்மனிக்கும் ஒரு குறுகிய பதிப்பை வெளியிட்டது; நீளம் 3241 மீட்டர். ஏறக்குறைய கால்பங்கு படம் போய்விட்டது. லண்டனில் பார்த்துவிட்டு அந்த ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸில் படத்தைக் கிழிகிழியென்று கிழித்த ஹெச். ஜி. வெல்ஸின் கண்ணில் பட்டதும் வெட்டுப்பட்ட படம்தான்.

இங்கே ஒரு கணக்கைக் கைவசம் வைத்துக்கொள்வது நல்லது. 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 52.5 ஃபிரேம். 4189 மீட்டர் என்றால் சுமார் 2,20,000 ஃபிரேம். விநாடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் ஓட்டினால் 153 நிமிடம். 20-ல் ஓட்டினால் 183 நிமிடம். ஆகவே உறையில் எழுதியிருக்கும் நிமிடக் கணக்கை மட்டும் பார்த்து ‘இது நீளமானது, அதனால் முழுமையானது’ என்று முடிவுகட்டக் கூடாது. வெட்டுப்பட்ட பதிப்பையே மெதுவாக ஓட்டினாலும் நீளம் கூடும். 3241 மீட்டர் பிரிண்டை 20 ஃபிரேமில் ஓட்டிப் பாருங்கள், 140 நிமிடத்தைத் தாண்டும். காட்சி ஒன்றுகூடக் கூடியிருக்காது. பழைய டிவிடிகள் சிலவற்றின் நீளம் இந்த வகை.

ஹெல் என்றொரு பெண்

பொல்லாக் தூக்கியெறிந்ததில் பெரியது ஹெல். மாநகரத்தின் அதிபதி யோ ஃபிரெடர்சனும் ரோட்வாங்கும் காதலித்த ஒரே பெண். அவள் ஃபிரெடர்சனைத் திருமணம் செய்துகொண்டு, மகன் ஃபிரெடரைப் பெற்றெடுத்த கையோடு இறந்துபோகிறாள். ரோட்வாங் தன் வீட்டில் திரைக்குப் பின்னால் அவளுக்கு ஒரு பிரம்மாண்டமான தலைச்சிலை வைத்திருக்கிறான். கீழே கல்லில் வாசகம்: எனக்கு மகிழ்ச்சியாகவும் உலகத்துக்கு வரமாகவும் பிறந்தவள், யோ ஃபிரெடர்சனிடம் பறிபோனவள், அவன் மகன் ஃபிரெடருக்கு உயிர் கொடுத்து உயிர் விட்டவள். ஃபிரெடர்சன் திரையை விலக்கி அந்தச் சிலைமுன் நிற்கும்போது ரோட்வாங் உள்ளே வருகிறான். இருவருக்கும் இடையிலான பகை முழுவதும் அந்த ஒரு காட்சியில் வெளியே வந்துவிடும். ரோபோ எதற்கு? ஹெல்லை மறுபடி உருவாக்க. அதைச் செய்வதில் ஒரு கை போய்விட்டது. ‘ஹெல்லைத் திரும்பப் படைக்க ஒரு கை அதிக விலையா?’ என்று கேட்கிறான்.

‘ஹெல்’ என்ற பெயர் ஆங்கிலக் காதில் நரகம் என்று விழும் என்பதால் பொல்லாக் அவளையே படத்திலிருந்து துடைத்தார். சிலை போனது. கையை இழந்த வசனம் மட்டும் எஞ்சியது. ஆனால் இப்போது எதிர்காலத் தொழிலாளியை, எந்திர மனிதனை, உருவாக்கியதற்காகக் கை போனதாக மாறிவிட்டது. விளைவு என்ன? தொழிலாளிக்குப் பதிலாக ரோபோ தயாராக இருக்கிறது என்றால், அதற்கு ஒரு பெண்ணின் முகம் ஏன்? தொழிலாளிகளைத் தூண்டிவிட்டு எந்திரங்களை ரோட்வாங் ஏன் நொறுக்கவைக்கிறான்? முழுக் கதையில் அது தன் காதலியைப் பறித்தவனின் நகரத்தையும் மகனையும் அழிக்கும் வஞ்சம். வெட்டுப்பட்ட கதையில் கிறுக்கனின் கிறுக்குத்தனம், அவ்வளவுதான்.

இரண்டாவது பெரிய இழப்பு ‘ஒல்லியன்’. ஃபிரிட்ஸ் ராஸ்ப் நடித்த ஒற்றன் பாத்திரம். குறுகிய பதிப்பில் அவன் ஓரிரு இடத்தில் வந்து முறைத்துவிட்டுப் போவான். இவ்வளவு பிரமாதமான முகத்துக்கு இதுதானா வேலை என்று தோன்றும். முழுப்படத்தில் ஃபிரெடரைப் பின்தொடர்வது, ஃபிரெடர்சன் வேலையைவிட்டு நீக்கிய ஜோசஃபாட்டை வீட்டிலேயே மடக்கி முதலில் பணம் காட்டிப் பிறகு மிரட்டுவது என்று ஒரு துப்பறியும் கதையே அவன் தலைமையில் நடக்கிறது.

மூன்றாவது ஜார்ஜி, எண் 11811. கடிகாரம் போன்ற எந்திரத்தில் நின்று சோர்ந்து விழும் தொழிலாளி. ஃபிரெடர் அவனோடு உடையை மாற்றிக்கொண்டு அவன் இடத்தில் நிற்கிறான். குறுகிய பதிப்பில் ஜார்ஜி அதோடு மாயம். முழுப்படத்தில் அவன் பணக்காரச் சட்டையில் காரில் ஏறுகிறான். வானத்திலிருந்து ‘யோஷிவாரா’ கேளிக்கை விடுதியின் துண்டுக்காகிதங்கள் கொட்டுகின்றன. சட்டைப்பையில் கைவிட்டால் பணம். போக வேண்டிய இடத்தை மறந்து யோஷிவாராவுக்குப் போய்விடுகிறான். பிறகு கூட்டத்தில் ஃபிரெடரைக் குத்த வரும் கத்தியைத் தான் வாங்கிச் சாவதும் அவனே. முந்தைய காட்சிகள் இல்லாவிட்டால் யாரோ ஒருவன் குத்துப்பட்டான் என்று கடந்துபோவோம்.

பதிப்புகள் ஒவ்வொன்றாக

ஜோர்ஜியோ மொரோடர், 1984. சுமார் 83 நிமிடம். டிஸ்கோ இசையின் பெரும்புள்ளி. படத்தின் உரிமையை வாங்கி, வண்ணச்சாயம் ஏற்றி, எழுத்து அட்டைகளைத் தூக்கிவிட்டு அடியில் சப்டைட்டில் போட்டு, ஃப்ரெடி மெர்குரி, பாட் பெனட்டார், போனி டைலர், ஆடம் ஆன்ட் முதலியவர்களைப் பாடவைத்தார். தொலைந்த சில இடங்களை ஸ்டில் படங்களால் ஒட்டினார். எழுத்து அட்டை இல்லாததாலேயே நீளம் இவ்வளவு சுருங்கியது. மோசமான படங்களுக்குக் கொடுக்கும் ராஸி விருதுக்கு இதன் இசையும் பாட்டும் அந்த ஆண்டு பரிந்துரையாயின; ஆனாலும் ஒரு தலைமுறை இளைஞர்களை ஊமைப்படத்தின் முன்னால் உட்காரவைத்தது இதுதான், அதை மறுக்க முடியாது. தொழிலாளிகள் ஷிப்ட் மாறும் காட்சிக்கு எலெக்ட்ரானிக் தாளம் அச்சாகப் பொருந்துகிறது. பாட்டு வரும்போதுதான் சிக்கல்: பாடல்வரி ஒரு பக்கம், சப்டைட்டில் ஒரு பக்கம், மனம் இரண்டுக்கும் நடுவில் தடுமாறும். பள்ளி, கல்லூரியில் ஒன்றரை மணி நேரம்தான் கிடைக்கும், மாணவர்கள் ஊமைப்படம் பார்த்தே பழக்கமில்லை என்றால் இதைப் போடுவதில் தப்பில்லை. ஆனால் ‘இது 1984-ன் மறுகலவை’ என்று ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும்.

மியூனிக், 1987. மியூனிக் திரைப்பட அருங்காட்சியகத்தில் என்னோ பட்டாலஸ், எழுத்து அட்டைகளின் வாசகம் பதிவான தணிக்கை அட்டைகளையும் படத்தின் இசையமைப்பாளர் கோட்ஃபிரீட் ஹுப்பர்ட்ஸின் இசைப்பிரதியையும் வைத்துக் காட்சி வரிசையை மீட்டார். அந்த இசைப்பிரதியில் ‘இந்த இடத்தில் இந்தக் காட்சி’ என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகள் இருந்தது பெரிய அதிர்ஷ்டம். பின்னால் வந்த எல்லாருக்கும் இதுவே அடித்தளம். இன்று வீட்டில் பார்க்க இது தேர்வுப்பட்டியலில் வராது.

ஜெர்மனியின் பழைய படங்களைப் பாதுகாக்கும் முர்னாவ் அறக்கட்டளை, 2001. மார்ட்டின் கெர்பர் தலைமையில் செய்த மீட்பு, அந்த ஆண்டு பெர்லின் விழாவில் முதல் காட்சி. 3341 மீட்டர், சுமார் இரண்டு மணி நேரம். நகலுக்கு நகலாக அடித்துத் தேய்ந்த பிரிண்டுகளை விட்டுவிட்டு, கிடைத்தவற்றில் மூலத்துக்கு மிக நெருக்கமான நெகட்டிவ்களைத் தேடி எடுத்து டிஜிட்டலில் சுத்தப்படுத்தினார்கள். ஃபிரேமின் கூர்மை, சாம்பல் நிறத்தின் அடுக்குகள், கார்ல் ஃபிராய்ண்டின் ஒளியமைப்பு ஆகியவை முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தன. ஹுப்பர்ட்ஸின் அசல் இசையும் கூடவே வந்தது. இல்லாத காட்சிகளை எழுத்தில் சொன்னார்கள். அதாவது ஹெல் கதை இதில் திரும்பிவிட்டது, ஆனால் படிக்கத்தான் முடியும். ஃபிரெடர்சன் சிலைமுன் நிற்பதை ‘நின்றான்’ என்று எழுத்தில் வாசிப்போம்.

2010. இதன் கதையை எல்லாரும் ஓரளவு கேட்டிருப்பார்கள். 1928-ல் அர்ஜென்டினாவுக்குப் படம் வாங்கிப்போன விநியோகஸ்தரிடம் முழு நீளப் பிரிண்ட் இருந்தது. அது ஒரு சேகரிப்பாளரிடம் போய், பின்னர் 16 மி.மீ. நகலாகச் சுருங்கி, ப்யூனஸ் ஐரிஸின் சினிமா அருங்காட்சியகத்தில் கிடந்தது. 2008-ல் அங்கே பவுலா ஃபெலிக்ஸ்-டிடியேயும் ஃபெர்னாண்டோ மார்ட்டின் பெண்யாவும் பெட்டியைத் திறந்தார்கள். சுமார் 25 நிமிடக் காட்சி திரும்பியது. 2010 பிப்ரவரி 12 அன்று பெர்லின் ஃபிரீட்ரிக்‌ஷ்டாட் பாலஸ்டில் ஃபிராங்க் ஷ்ட்ரோபல் நடத்திய வானொலி இசைக்குழுவோடு முதல் காட்சி. நீளம் சுமார் இரண்டரை மணி நேரம்.

எதிர்பார்ப்பை இங்கே சரிசெய்துகொள்வது அவசியம். திரும்பிவந்த காட்சிகள் அழகாக இல்லை. பழைய நைட்ரேட் பிரிண்டை 16 மி.மீ.க்கு மாற்றியபோது சுத்தம் செய்யவில்லை. அதில் இருந்த கீறல், எண்ணெய்க் கறை எல்லாமே படத்தோடு படமாகப் பதிந்துவிட்டன. கீறல் ஃபிலிமின் மேல் இருந்தால் துடைக்கலாம், படத்துக்குள்ளேயே இருந்தால் கம்ப்யூட்டர் ஊகித்துத்தான் நிரப்ப வேண்டும். அதிகமாக ஊகிக்கவிட்டால் முகங்கள் மெழுகுப் பொம்மை ஆகிவிடும். ஆகவே ஓரளவோடு நிறுத்திக்கொண்டார்கள். செங்குத்துக் கோடுகள் மழைபோல் ஓடும். நகல் எடுத்தபோது ஃபிரேமின் ஒரு பகுதியும் வெட்டுப்பட்டதால், அந்தக் காட்சிகளில் மட்டும் ஓரத்தில் கறுப்பு விளிம்பு தெரியும். இதைக் குறையாக எடுக்க வேண்டாம். எது மீண்டுவந்த காட்சி என்று காட்டும் அடையாளமாகவே அது பயன்படுகிறது. பத்து நிமிடத்தில் கண் பழகிவிடும்.

மற்ற காட்சிகளுக்கு 2001-ல் செய்த டிஜிட்டல் வேலையே 2010-க்கும் அடிப்படை. அப்படியானால் 2001-ஐ ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? நேரம் அரை மணி குறைவு, கண்ணை உறுத்தும் கீறல் இல்லை என்ற இரண்டு காரணம்தான். ஓவியம், கட்டடக்கலை, ஒளிப்பதிவு பாடத்துக்குத் திரையிடுபவருக்கு அது போதுமான காரணம். கதைக்காகப் பார்ப்பவருக்குப் போதாது. ஒல்லியனும் ஜார்ஜியும் வந்தபிறகு படத்தின் ஓட்டமே வேறு. நடுவில் தொய்வு என்று நினைத்த பகுதியில் துரத்தல் நடக்கிறது. குழந்தைகளை வெள்ளத்திலிருந்து மீட்கும் கட்டத்தில் மாடிப்படியின் உச்சியில் இரும்புக் கிராதி அடைத்து நிற்க, பிள்ளைகள் கீழே நெருக்கியடிப்பதும் இதில்தான் முழுதாக வருகிறது.

‘முழுமையான மெட்ரோபோலிஸ்’ என்று விற்றாலும் இதிலும் இரண்டு காட்சிகள் இல்லை: தேவாலயத்தில் துறவி ஊழிக்காலத்தைப் பற்றிச் செய்யும் பிரசங்கம், ஃபிரெடர்சனும் ரோட்வாங்கும் கைகலக்க, தொழிலாளிகளுக்கு நம்பிக்கை ஊட்டும் நாயகி மரியா தப்பிக்கும் இடம். அவை எழுத்தில் வரும்.

இணையத்து இலவசப் பதிவுகள். பாதி அமெரிக்கப் பதிப்பின் மங்கிய நகல்கள். இசை என்ற பெயரில் கையில் கிடைத்த ஏதோ ஒரு சிம்பொனி ஓடும். இப்போது அதிகம் பரவுவது செயற்கை அறிவால் 60 ஃபிரேமாக்கி வண்ணம் பூசியவை. மென்பொருள் இரண்டு ஃபிரேமுக்கு நடுவே தானாக ஃபிரேம் வரைந்து செருகுகிறது; கைகால் வேகமாக அசையும் இடத்தில் பேய்போல் நிழல் படியும், கூட்டம் ஓடும் காட்சியில் முகங்கள் உருகி ஒட்டிக்கொள்ளும். பல ஆயிரம் பேர் நடித்த படத்தில் கூட்டம் உருகினால் மிச்சம் என்ன?

ஒரு நிமிடச் சோதனை

கையில் இருக்கும் கோப்பு எது என்று தெரியவில்லையா? எழுத்து அட்டைகளில் அதிபதியின் பெயர் ‘ஜான் மாஸ்டர்மேன்’ என்றும் மகன் ‘எரிக்’ என்றும் வந்தால் பொல்லாக்கின் அமெரிக்கப் பதிப்பு, மூடிவிடலாம். ஃபிரெடர்சன், ஃபிரெடர் என்று வந்தால் அடுத்து ரோட்வாங் வீட்டுக் காட்சிக்குப் போங்கள். சிலை கண்ணுக்குத் தெரிந்து, படம் கீறலோடு கறுப்பு விளிம்போடு இருந்தால் 2010. சிலைக்குப் பதில் எழுத்து வந்தால் 2001. அட்டையே இல்லாமல் மொத்தமும் வண்ணச்சாயத்தில் பாட்டோடு ஓடினால் மொரோடர்.

எழுத்து அட்டை ஜெர்மனில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இந்தப் படத்தில் அட்டைகளும் நடிக்கின்றன. தொழிலாளர் நகரம் பூமிக்கு அடியில் இருப்பதைச் சொல்லும் வரிகள் லிஃப்ட்போல் கீழிறங்கும். பாபேல் கோபுரக் கதையில் எழுத்திலிருந்து ரத்தம் வழியும். ஆங்கில அட்டையை வெறும் எழுத்தாகச் செருகிய பிரதிகளில் இந்த விளையாட்டு செத்துவிடும். ஜெர்மன் அட்டையும் அடியில் சப்டைட்டிலும் இருக்கும் வட்டு எப்போதும் மேல்.

வட்டு, வேகம், புரொஜெக்டர்

ப்ளூ-ரே வாங்குபவர் மண்டலக் குறியைக் கவனிக்கவும். அமெரிக்கா, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் ஏ, பிரிட்டனும் ஐரோப்பாவும் பி, இந்தியா சி. அமெரிக்காவில் கினோ, பிரிட்டனில் யுரேகா வெளியிட்ட 2010 பதிப்புகள்தான் பரவலாகக் கிடைப்பவை. சென்னையில் வாங்கிய பிளேயரில் வெளிநாட்டு வட்டு ஓடாமல் முரண்டுபிடித்தால் வட்டு பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். முதலில் உறையின் பின்பக்கம் பாருங்கள்.

ஐரோப்பிய டிவிடி என்றால் இன்னொரு விஷயம். ‘பால்’ (PAL) என்ற ஐரோப்பியத் தொலைக்காட்சி முறையில் விநாடிக்கு 25 ஃபிரேம். 24-ல் 150 நிமிடம் ஓட வேண்டிய படம் 144-ல் முடிந்துவிடும். சுருதியும் அரைச் சுரத்தில் முக்கால்பங்கு ஏறி ஒலிக்கலாம். படத்தில் தெரியாது, ஹுப்பர்ட்ஸின் பித்தளைக் குழல்களில் தெரியும். ப்ளூ-ரேயில் இந்தத் தொல்லை இல்லை.

‘ஊமைப்படம் மெதுவாகத்தானே ஓடணும்’ என்று சிலர் மென்பொருளில் 20 ஃபிரேமுக்கு இறக்குவார்கள். நடிகர்களின் அசைவு அங்கங்கே இயல்பாகும், உண்மைதான். ஆனால் படம் மூன்று மணி நேரமாகும், இசை ஒத்துவராது. ஹுப்பர்ட்ஸ் படப்பிடிப்புத் தளத்துக்கே போய் இசையமைத்தவர்; மரணத்தின் உருவம் உயிர்பெறும்போது ‘டியஸ் இரே’ என்ற லத்தீன் இறுதிச்சடங்குப் பாடலும், தொழிலாளர் கிளர்ச்சியில் பிரான்ஸின் ‘மார்செயேஸ்’ கீதமும் எட்டிப்பார்ப்பது ஃபிரேம் கணக்கில் அமைந்தது. இசையை விடப்போவதில்லை என்றால் வேகத்தைத் தொடாதீர்கள்.

புரொஜெக்டரில் படத்தின் விகிதம் 4:3-ஆக இருக்கட்டும். திரை அகலமாக இருக்கிறதே என்று 16:9-க்கு இழுத்தால் மரியாவாக நடித்த பிரிகிட்டே ஹெல்ம் குண்டாகிவிடுவார். ‘ஜூம்’ செய்தால் தலை போய்விடும். இருபக்கமும் கறுப்பாக இருப்பதுதான் சரி. பட அமைப்பில் ‘விவிட்’ வேண்டாம், ‘சினிமா’ வையுங்கள். அசைவை மென்மையாக்கும் வசதியையும் இரைச்சல் குறைப்பையும் அணைத்துவிடுங்கள். முதலாவது டிவி நாடகம்போன்ற வழவழப்பைத் தரும், இரண்டாவது ஃபிலிமின் நுண்துகள்களை (கிரெய்ன்) அழித்துத் தோலைப் பிளாஸ்டிக் ஆக்கும். ஒலி அளவைத் தொடக்கக் காட்சியை வைத்து நிர்ணயிக்கக் கூடாது. எந்திரம் வெடித்து மோலோக் அரக்கனாக மாறும் இடத்தைப் போட்டு, ஸ்பீக்கர் பிளிறாத அளவில் நிறுத்துங்கள்; மெல்லிய பகுதிகள் தானாக அடங்கும். இரண்டு ஸ்பீக்கர்தான் இருக்கிறது என்றால் பிளேயரின் அமைப்பில் ஸ்டீரியோ வெளியீட்டைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

இடைவேளை விடலாமா? தாராளமாக. படமே தொடக்கம், இடைக்காட்சி, ‘ஃபுரியோசோ’ என்று மூன்று பாகம். ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து முதல் பாகம் முடியும் அட்டை வரும். அங்கே விளக்கைப் போட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள். நடுவில் வேறெங்கும் நிறுத்தினால் இசை அறுந்துபோகும்.

பொதுவில் திரையிடுபவர் உரிமையை மறக்க வேண்டாம். 2023 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் 1927-ன் படம் பொதுச்சொத்து. ஜெர்மனியில் ஆசிரியர் இறந்து 70 ஆண்டு என்பது கணக்கு. லாங் இறந்தது 1976-ல், ஆகவே 2046 முடியும்வரை காத்திருக்க வேண்டும். 2010-ல் பதிவுசெய்த இசைக்குத் தனி உரிமை உண்டு. டிக்கெட் போட்டாலும் போடாவிட்டாலும் முர்னாவ் அறக்கட்டளைக்கோ விநியோகஸ்தருக்கோ முன்கூட்டி எழுதிக் கேட்பதே பாதுகாப்பு.

தமிழ் சப்டைட்டில் போடுவதாக இருந்தால்

ஒரு பதிப்புக்குச் செய்த சப்டைட்டில் கோப்பு (எஸ்ஆர்டி) இன்னொன்றுக்கு ஒருபோதும் பொருந்தாது. ஒரே பதிப்பிலும் வேகம் மாறினால் விலகும்: 24-க்குச் செய்ததை 25-ல் ஓட்டினால் கடைசியில் ஆறு நிமிடம் தள்ளிப்போகும், 23.976-க்கும் 24-க்கும் இடையில் இரண்டரை மணி நேரத்தில் 9 விநாடி. இந்த இரண்டாவதுதான் பலரைக் குழப்புவது. ஆரம்பத்தில் சரியாக இருக்கும், பாதியில் எங்கோ வழுக்க ஆரம்பிக்கும். ‘தாமதம்’ கூட்டிக் குறைத்துப் பயனில்லை. ஃபிரேம் வேகத்தையே மென்பொருளில் மாற்ற வேண்டும்.

தமிழ் வரி இடம் அதிகம் பிடிக்கும். அட்டை நிற்பதோ சில விநாடி. ஒரு வரிக்கு 35, 40 எழுத்துக்கு மேல் போகாமல், இரண்டு வரிக்குள் முடியுங்கள். அட்டையின் எழுத்துமேல் தமிழ் ஏறாதபடி கீழ்விளிம்பில் வையுங்கள். தொழிலாளிகளின் எண்களை எழுத்தில் விரிக்காமல் 11811 என்றே விடுங்கள்; அவர்களுக்குப் பெயருக்குப் பதில் எண் என்பதுதானே விஷயம்.

கடைசி அட்டையில் தனியாக மாட்டிக்கொள்வீர்கள். மூளைக்கும் கைகளுக்கும் நடுவே இதயம்தான் ‘மிட்லர்’ என்கிறது அது. இடைநின்று இருவரையும் சேர்த்துவைப்பவர் என்று பொருள். ‘தரகர்’ என்று போட்டால் அரங்கம் வீட்டுப் புரோக்கரை நினைத்துச் சிரிக்கும். ‘நடுவர்’ என்றால் பட்டிமன்றம். ‘மத்தியஸ்தர்’ என்றால் பஞ்சாயத்து. படத்தில் இந்தச் சொல் மரியாவின் வாயில் முன்பே வந்து, அந்த ஆளுக்காகத் தொழிலாளிகள் காத்திருக்கிறார்கள். ஆகவே முதல் இடத்திலும் கடைசியிலும் ஒரே சொல்லாக இருந்தாக வேண்டும். ‘இணைப்பவன்’ என்று முதலில் வைத்தால் ‘மூளையையும் கைகளையும் இணைப்பவன் இதயமே’ என்று முடிவில் உதைக்கும், இதயம் அஃறிணை. ‘பாலம்’ என்று வைத்துக்கொண்டால் ‘நமக்கொரு பாலம் வருவான்’ என்று மரியா பேசுவது கொஞ்சம் கவிதையாகும், ஆனால் கடைசி அட்டை தடுக்காமல் நிற்கும்: ‘மூளைக்கும் கைகளுக்கும் இடையே பாலம் இதயமே.’ 40 எழுத்துக்குள் அடங்கியும் விடும்.